ஹெவி மெட்டலும் கட்டுக்கதையும்: சில குறிப்புகள்

1

கட்டுக்கதையைக் கட்டுக்கதை என்று ஒப்புக்கொண்டு, ஒப்புக்கொண்ட பிறகும் அதில் முழு மனசோடு இறங்குவது என்பது தமிழில் இன்று அநேகமாக நடக்காத காரியம். நம்மிடம் புராணம் இருக்கிறது. அதை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சரித்திர நாவல் இருக்கிறது. அதைச் சரித்திரம் என்றே படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே, 'இது பொய், ஆனாலும் கேள்' என்று சொல்கிற குரலைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இந்த இல்லாமையை எனக்குத் தெளிவாக்கியது இலக்கிய விமர்சனம் எதுவும் அல்ல. டோல்கீனையும் மூர்காக்கையும் லவ்க்ராஃப்டையும் படித்துவிட்டு கிதாரைக் கையில் எடுத்த சில மேல்நாட்டு இளைஞர்களும், அவர்களைக் கேட்டு வளர்ந்த சில சிங்கப்பூர்த் தமிழர்களும், பம்பாயிலிருந்து ஒரு குழுவும்தான்.

ஹெவி மெட்டல் என்றதும் இரைச்சல் என்று முகம் சுளிப்பவர்கள் நம் வட்டத்தில் உண்டு. இரைச்சல்தான்; மறுப்பதற்கில்லை. ஆனால் இரைச்சல் என்பதாலேயே அதை ஜனரஞ்சகம் என்று ஒதுக்கிவிடுவது சரியாகாது. நாலைந்து பெரிய பெயர்களை விட்டுவிட்டால், இந்த இசை வாழ்ந்த விதம் முந்நூறு பிரதி அச்சடிக்கிற சிறு பத்திரிகை வாழ்கிற விதம்தான். 1980களில் அது கையால் பதிவு செய்த காஸெட்டுகளாகவும் நகலெடுத்த பத்திரிகைகளாகவும் தபாலில் தேசம் விட்டுத் தேசம் போயிற்று. அனுப்பினவனுக்கும் பெற்றுக்கொண்டவனுக்கும் முகப் பரிச்சயம் கிடையாது. லாபமும் கிடையாது. முகம் தெரியாத இருபது பேருக்காக ஒரு காரியத்தைச் சிரத்தையாகச் செய்வது என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். அதனால் அவர்களைப் பற்றி இங்கே பேசுவதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை.

2

டோல்கீன் சிறுவனாக இருந்தபோது சில வருஷங்கள் வாழ்ந்தது பர்மிங்ஹாம் நகரத்தின் விளிம்பில் ஸேர்ஹோல் என்ற கிராமத்தில். மாவு மில்லும் மரங்களும் இருந்த இடம். பிறகு நகரம் அதை விழுங்கிவிட்டது. 1954-55ல் வெளிவந்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் தீமை என்பது மரங்களை வெட்டி உலை மூட்டுவதாக வருகிறதென்றால், அதற்குப் பின்னால் இந்த விழுங்கலின் ஞாபகம் இருக்கிறது.

பிளாக் சாபத் குழுவும் அதே பர்மிங்ஹாமிலிருந்து, ஆஸ்டன் பகுதியிலிருந்து வந்ததுதான். அதன் கிதார்க்காரர் டோனி அயோமி, பதினேழு வயசில் தகடு வெட்டும் ஆலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். மிஞ்சின விரல்களுக்கு இதமாக இருக்கட்டும் என்று பின்னால் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். மெட்டலின் கனத்த நாதம் உருவானதில் அந்த விபத்துக்குப் பங்குண்டு. 1970ல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டில் 'தி விஸர்ட்' என்று ஒரு பாட்டு. டோல்கீனின் மந்திரவாதி காண்டால்ஃபை மனசில் வைத்து எழுதினது என்று கீஸர் பட்லர் சொல்லியிருக்கிறார். ஆலைகள் விழுங்கின கிராமத்துக்காரர் எழுதியதை, ஆலை விழுங்கின விரல்காரர் வாசித்தார். இந்த இசைக்கும் இந்த இலக்கியத்துக்கும் உள்ள உறவு வெறும் அலங்கார உறவு அல்ல என்பதற்கு எனக்கு இது போதும்.

அதே தட்டின் முதல் பாட்டை நம் சங்கீத பாஷையில் சொல்லிவிடலாம். ஸட்ஜம், மேல் ஸட்ஜம், பிறகு பிரதி மத்யமம். திரும்பத் திரும்ப அவ்வளவுதான். ஸட்ஜத்திலிருந்து பிரதி மத்யமம் வரையுள்ள இடைவெளிக்கு ஐரோப்பிய சங்கீதக்காரர்கள் பிசாசின் பெயரை வைத்திருந்தார்கள். நமக்கோ எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் முப்பத்தாறில் பிரதி மத்யமம் இருக்கிறது. கல்யாணியில் அது பயமுறுத்துவதில்லை. மெட்டல் கிதாரின் அடிப்படையான பிடியும் இப்படித்தான்: ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும். காந்தாரத்தை விட்டுவிடுவதால் அது குதூகலமா சோகமா என்று நிச்சயப்படுவதில்லை. மயிலாப்பூர் சபாக்களில் தம்பூரா நாள்பூராவும் சொல்லிக்கொண்டிருப்பதும் அதே ஸட்ஜ பஞ்சமம்தான். ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மேல் முடுக்கி நாதத்தைச் சிதற வைப்பது ஒன்றுதான் வித்தியாசம் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னாலும் பாதி விஷயம் விட்டுப்போகும். பயம் ஸ்வரத்தில் இல்லை. ஸ்வரத்தைச் சுற்றி நிற்கிற உலகத்தில் இருக்கிறது. அந்த உலகத்தைக் கட்டித் தருவதற்கு மெட்டலுக்கு வார்த்தை வேண்டியிருந்தது. கட்டுக்கதை இலக்கியத்திடம் அது போனது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

போனவர்கள் பலர். லெட் ஸெப்பெலின் 1969லேயே ஒரு காதல் பாட்டுக்குள் டோல்கீனின் பெயர்களைக் கொண்டுவந்தது. மைக்கேல் மூர்காக், தம் கதாநாயகன் எல்ரிக்கின் கறுப்பு வாளைப் பற்றி புளூ ஆய்ஸ்டர் கல்ட் குழுவுக்குத் தாமே சேர்ந்து பாட்டு எழுதினார் (1980). ஹாக்விண்ட் அதே எல்ரிக்கைப் பற்றி ஒரு தட்டு முழுக்க வாசித்தது (1985). ஜெர்மனியின் பிளைண்ட் கார்டியன் 1998ல் 'ஸில்மரில்லியன்' நூலையே ஒரு தட்டாக்கியது. இந்த மூர்காக்தான் 1978ல் எழுதின கட்டுரையில் டோல்கீனின் உரைநடையைக் குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிற சமாசாரம் என்று தாக்கினவர். இரண்டு விரோதிகளுக்கும் இந்த இசையில் இடம் கிடைத்தது. யார் சரி என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. அதற்கு வேண்டியிருந்தது, முழுசாகக் கட்டப்பட்ட ஒரு பொய்.

ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை இங்கே ஞாபகப்படுத்த வேண்டும். கவிதையைப் படிக்கிறவன் தன் அவநம்பிக்கையைத் தானாக முன்வந்து கொஞ்ச நேரம் விலக்கி வைக்கிறான் என்று கோல்ரிட்ஜ் 1817ல் எழுதினார். வேர்ட்ஸ்வொர்த்தோடு சேர்ந்து போட்ட தொகுதியில் இயற்கைக்கு அப்பாற்பட்ட விஷயங்களைத் தம் பங்காக எடுத்துக்கொண்டதைப் பற்றிப் பேசுகிற இடத்தில் அது வருகிறது. அந்தப் பங்கில் எழுதினதுதான் 'ஏன்ஷியன்ட் மாரினர்'. 1984ல் அயர்ன் மெய்டன் அந்தக் கவிதையையே பதின்மூன்று நிமிஷத்துக்கு மேல் நீளும் பாட்டாக்கியது. கல்லூரியில் கோனார் நோட்ஸ் பாணியில் நாம் கடந்துபோன அந்த சூத்திரத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. விலக்கி வைப்பதற்கு முதலில் அவநம்பிக்கை என்று ஒன்று கையில் இருக்க வேண்டும். நம்புகிறவனிடம் விலக்கி வைக்க எதுவும் இல்லை. அவன் கேட்பது கதை அல்ல; செய்தி.

3

நம்புகிறவன், நம்பாதவன் என்ற இந்தப் பிரிவு நமக்கு எவ்வளவு பக்கத்தில் நடந்திருக்கிறது என்பதற்கு அடையாறே சாட்சி.

1864ல் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கில விலங்கியல்காரர், லெமூர் என்ற பிராணியும் அதன் இனத்தவையும் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் எப்படிப் பரவின என்று விளக்குவதற்காக, இந்து மகா சமுத்திரத்தில் மூழ்கிப்போன நிலம் ஒன்றை ஊகித்து லெமூரியா என்று பெயர் வைத்தார். 1875ல் நியூயார்க்கில் தோன்றி 1882ல் அடையாற்றங்கரைக்கு வந்து சேர்ந்த தியசாபிகல் சொசைட்டி அந்த ஊகத்தை எடுத்துக்கொண்டது. பிளாவட்ஸ்கி அம்மையார் 1888ல் வெளியிட்ட 'சீக்ரெட் டாக்ட்ரின்' நூலில் லெமூரியா மனித குலத்தின் மூன்றாவது மூல இனம் வாழ்ந்த பூமியாகிவிட்டது. ஸ்காட்-எலியட் என்ற இன்னொரு தியசாபிஸ்ட் 1904ல் அதற்குத் தனிப் புத்தகமே எழுதினார். இந்த ஸ்காட்-எலியட்டின் பெயர், லவ்க்ராஃப்ட் 1926ல் எழுதி 1928ல் 'வியர்ட் டேல்ஸ்' என்ற மலிவுப் பத்திரிகையில் வெளியான 'தி கால் ஆஃப் கதூல்ஹூ' கதைக்குள்ளேயே வருகிறது. லவ்க்ராஃப்ட் நாஸ்திகர். தியசாபி சொன்ன எதையும் நம்பாதவர். நம்பாததனால்தான் அதைக் கதைக்குப் பயன்படுத்திக்கொள்ள அவரால் முடிந்தது. அந்தக் கதையின் பெயரை ஒட்டி 1984ல் மெட்டாலிகா, வார்த்தையே இல்லாத ஒரு வாத்திய உருப்படி செய்தது. 2004ல் ஸ்வீடனின் தீரியன் குழு 'லெமூரியா' என்றே ஒரு தட்டுக்குப் பெயர் வைத்தது. அடையாற்றில் சாஸ்திரமாக இருந்தது ஸ்டாக்ஹோமில் பாட்டாகிவிட்டது.

இதே லெமூரியா தமிழ்நாட்டில் என்ன ஆயிற்று? இறையனார் களவியல் உரையில், கடல்கொண்ட சங்கங்களின் கதை இருக்கிறது. அடியார்க்கு நல்லார் உரையில், பஃறுளிக்கும் குமரிக்கும் இடையே மூழ்கிய நாற்பத்தொன்பது நாடுகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. டோல்கீன் இப்படி ஒரு பட்டியல் கிடைத்திருந்தால் வாழ்நாள் முழுவதும் வேறு எதுவும் எழுதியிருக்க மாட்டார். நாம் என்ன செய்தோம் என்றால், உரையாசிரியர்களையும் ஸ்க்ளேட்டரையும் ஒட்டவைத்துப் பாடப் புத்தகம் எழுதினோம். 1981ல் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் அரசாங்கச் செலவில் எடுத்த ஆவணப்படமாகக் காட்டினோம். கண்டங்களே நகர்கின்றன என்பது 1960களில் நிலைபெற்று, மூழ்கின கண்டத்துக்கு விஞ்ஞானத்தில் வேலை இல்லாமல் போய்விட்டிருந்தது. நமக்கு அது பொருட்டாகப் படவில்லை. தீரியனின் தட்டு வந்த அதே 2004ல் சுமதி ராமசாமி இந்த நம்பிக்கையின் வரலாற்றை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். ஆக, லெமூரியாவை ஆராயவும் ஆள் கிடைத்தது; பாடவும் ஆள் கிடைத்தது. இரண்டும் ஆங்கிலத்தில். தமிழில் மிஞ்சியது வாதம். வாதத்துக்கு ஆதாரம் வேண்டும், கதைக்கு வேண்டாம். ஆதாரம் தேடப் போனவர்கள் கதையையும் தொலைத்துவிட்டு வந்தார்கள். கடல்கொண்ட நகரத்தைச் சரித்திரமாக எடுத்துக்கொள்ளாமல் கதையாக எடுத்துக்கொண்டவர் என்று புதுமைப்பித்தனைச் சொல்லலாம். அவருடைய 'கபாடபுரம்' யாருக்கும் எந்தப் பெருமையையும் நிரூபித்துக் கொடுப்பதில்லை. அதனாலேயே மேடைகளில் அது நினைக்கப்படுவதும் இல்லை.

இது தமிழனுக்கு மட்டும் உள்ள வியாதி என்று நான் சொல்லவில்லை. நார்வேயில் ஒருவர் டோல்கீனின் அரக்க பாஷையிலிருந்து 'இருட்டு' என்று பொருள்படும் பர்ஸம் என்ற சொல்லை எடுத்துத் தம் இசைக்குப் பெயராக வைத்தார். தமக்கே அந்த நாவலின் ஓர் ஆர்க்கின் பெயரைச் சூட்டிக்கொண்டார். அது வரைக்கும் விளையாட்டு. பிறகு அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது: பழைய தெய்வங்கள், ரத்தம், இனம். தேவாலயங்கள் எரிந்தன. 1993ல் இன்னொரு இசைக்காரர் கொலை செய்யப்பட்டார். 1994ல் கொலைக்கும் தீவைப்புக்கும் சேர்த்து அவருக்கு இருபத்தொரு வருஷம் தண்டனை விதித்தார்கள். கட்டுக்கதை ஆபத்தானது என்று சொல்ல இதை உதாரணம் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. கட்டுக்கதையாக அது நின்ற வரையில் ஒரு கூரைகூட எரியவில்லை.

4

நம்முடைய ஆட்கள் இந்த இசையை எடுத்துக்கொண்டபோது டோல்கீனின் இடத்தில் எதை வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். இதற்குச் சிங்கப்பூர் போக வேண்டியிருக்கிறது.

ருத்ரா என்ற குழு அங்கே 1992ல் தொடங்கியது. முதல் தட்டு 1998ல். பிறகு 'தி ஆர்யன் க்ரூஸேட்' (2001), 'குருக்ஷேத்ரா' (2003), 2005க்கும் 2011க்கும் இடையே 'பிரம்மவித்யா' என்ற தலைப்பில் மூன்று தட்டுகள். தங்கள் இசைக்கு வேத மெட்டல் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது தட்டின் பெயரைச் சென்னையில் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம். 'ஆர்ய' என்பதை 'மேன்மையான' என்ற அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளும் நிரபராதம் இந்த ஊரில் ஐம்பது வருஷங்களுக்கு முன்பே செத்துப்போயிற்று. சிங்கப்பூரில் அது சாத்தியமாயிருக்கிறது. கடல் கடந்து போனால் சொற்களுக்கும் பாரம் குறையும் போலும்.

ருத்ராவின் பயணத்தில் ஒரு திசை தெரிகிறது. யுத்தத்திலிருந்து தொடங்கி, தத்துவத்தில் போய்ச் சேருகிறார்கள், குருக்ஷேத்திரத்திலிருந்து பிரம்மவித்தைக்கு. மேலோட்டமாகப் பார்த்தால் இது முதிர்ச்சி. எனக்கு இதில் ஒரு நிர்ப்பந்தமும் தெரிகிறது. மகாபாரதத்தை வைத்துக்கொண்டு கட்டுக்கதை செய்ய முடியாது. நம்புகிறவர்கள் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், பாடுகிறவர்களும் நம்புகிறார்கள். கதையில் கை வைத்தால் அபசாரம். கை வைக்காவிட்டால் காலட்சேபம். ருத்ரா புத்திசாலித்தனமாக மூன்றாவது வழியைப் பிடித்தது: கதையை விட்டுவிட்டு வாதத்தை எடுத்துக்கொண்டது. உபநிஷத்தின் கேள்விகளை இவ்வளவு மூர்க்கத்தோடு யாரும் கேட்டதில்லை என்பது உண்மை. அந்த மூர்க்கத்தில் உண்மையான உக்கிரமும் இருக்கிறது. ஆனால் அடித்தொண்டை உறுமலில் பிரம்மத்தைப் பற்றிச் சொன்னால் கேட்கிறவனுக்குப் பிரம்மம் என்ற வார்த்தையே காதில் விழாது. வேதாந்தத்தின் முதல் படி சிரவணம். மெட்டலின் உறுமல் சிரவணத்தை மறுப்பதற்காக ஏற்பட்டது. பாட்டு ஆங்கிலத்தில் உறுமுகிறது; நடுநடுவே சமஸ்கிருத கோஷம் தெளிவாக எழுகிறது. இந்த வேலைப் பிரிவினையைக் கேட்கும்போது, உருவமும் உள்ளடக்கமும் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் குடியிருப்பது போல எனக்கு இருக்கிறது. தமிழ் அந்த வீட்டின் பிரதான பாஷை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பம்பாயின் டெமானிக் ரெஸரெக்ஷன் இதற்கு எதிர்த் திசையிலிருந்து வந்தது. 2005க்கும் 2010க்கும் இடையே வந்த அவர்களுடைய இருட்டுத் தொடர்த் தட்டுகள் சொந்தமாகக் கற்பித்த உலகத்தைப் பற்றியவை. மேல்நாட்டு வார்ப்பில் செய்த உலகம்தான், பழக்கமான சாமான்கள்தான். ஆனால் யாரையும் நம்பச் சொல்லாத உலகம். 2017ல் அவர்கள் 'தசாவதார்' செய்தார்கள். பத்து அவதாரத்துக்குப் பத்துப் பாட்டு. வாசிப்பு முன்னைவிடத் தேர்ந்திருக்கிறது. வாத்தியங்களில் நம் மண்ணின் சாயல் சேர்ந்திருக்கிறது. எல்லாரும் பாராட்டினார்கள்: கடைசியில் நம்முடைய விஷயத்துக்கு வந்துவிட்டார்களே என்று. இந்தப் பாராட்டுத்தான் என்னைச் சங்கடப்படுத்துகிறது. அமர் சித்ர கதா படித்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்த வரிசையில் கதை அடுத்தடுத்து நடக்கிறது. நரசிம்மம் தூணைப் பிளக்கும் என்று நமக்கு முன்னாலேயே தெரியும். கிதாரும் அந்த இடத்தில் பிளக்கிறது. தெரிந்ததை உறுதிப்படுத்துவதற்கு இத்தனை சத்தம் தேவையில்லை. நம்முடையது என்பது ஒரு விஷயத்துக்குத் தகுதி ஆகாது. அசலான விஷயத்தை இரவல் பார்வையில் சொல்வதைவிட, இரவல் விஷயத்தில் ஒருவன் தன் பயத்தைக் கண்டுபிடித்தால் அதுவே சிருஷ்டிக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

5

இவ்வளவு சொன்ன பிறகு, 'நம்மிடம் இல்லாததா' என்று காரைக்காலம்மையாரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நானே நிறுத்துகிறேன். சுடுகாடு, நிணம், வற்றின முலை, பேயின் ஆட்டம்: திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களில் இருப்பதை இன்றைக்கும் எந்த மெட்டல் குழுவும் எட்டவில்லை. அவற்றுக்கு நட்டபாடை, இந்தளம் என்று பண்ணும் உண்டு. அம்மையார் பேயைப் பற்றிப் பாடவில்லை. பேயாக இருந்து பாடுகிறார். ஆனால் பங்குனி உற்சவத்தின் எட்டாம் நாள் அறுபத்துமூவர் வலம் வரும்போது மயிலாப்பூர் மாட வீதியில் நின்று பார்த்தால், நாயன்மார் கூட்டத்தில் அவரும் பூச்சூடிப் போகிறார். தெருவோரம் நீர்மோர் கொடுக்கிறார்கள். அந்தப் பேயைக் கண்டு ஒருவரும் ஒதுங்கி நிற்பதில்லை. அவர் சம்மதித்துப் பெற்ற வடிவத்தை நம் பக்தி மெல்ல மெல்ல அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, அம்மா என்ற ஸ்தானத்தைக் கொடுத்துவிட்டது. நம்பிக்கை பயத்தை ஜீரணிக்கிற விதம் இது. ஆறாம் நூற்றாண்டு வாக்கில் தனியாக ஒருத்தி பாடியதில் இருந்த பீதி, அவளை வணங்குகிறவர்களின் கையில் பத்திரமாக இல்லை.

கட்டுக்கதையின் வம்சம் வேறு இடத்தில் இருக்கிறது. அது ஜெயங்கொண்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் கலிங்கத்துப்பரணியில் காளி கோயிலும், பசியால் வாடிக் காளியிடம் முறையிடும் பேய்களும், யுத்தம் முடிந்த களத்தில் அவை அடுகிற கூழும், பல்லை அரிசியாக்கி முரசை உரலாக்கி யானைத் தந்தத்தால் குத்துகிற காட்சியும், எந்தப் பக்தனையும் வணங்கச் சொல்லவில்லை. எந்தச் சரித்திரக்காரரையும் நம்பச் சொல்லவில்லை. குருட்டுப் பேய், ஊமைப் பேய், கனாக் கண்ட பேய் என்று வரிசையாகக் கூழுக்கு உட்காரும்போது கவிஞர் சிரிக்கிறார் என்பது தெரிகிறது. சிரித்துக்கொண்டே பயமுறுத்துகிறார். சந்தம் சந்தமாகத் தாளம் மாறி, போர் வரும்போது ஓட்டம் பிடிக்கிறது. ராஜ பாரம்பரியம் சொல்கிற பகுதி அலுப்பு. அது உண்ட உப்புக்கு. சமணப் பேயையும் புத்தப் பேயையும் கேலி செய்வதில் அந்தக் காலத்து மதச் சண்டையின் அற்பத்தனம் இருக்கிறது. இவற்றைக் கழித்தபின் மிஞ்சுவது, தமிழில் ஒருவர் பொய் என்று தெரிந்தே, ஒரு பொய் உலகத்தைச் செங்கல் செங்கலாக, சந்தம் சந்தமாகக் கட்டியிருக்கிறார் என்பது. இந்தச் சரக்கைத்தான் பர்மிங்ஹாமிலும் பெர்கனிலும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நாம் அதை வித்துவான் தேர்வுக்குப் பாடமாக வைத்துச் சோழர் பெருமைக்குச் சான்றாக்கினோம். பேய்களைத் தாண்டிக் குலோத்துங்கனிடம் போனோம். இதுவும் லெமூரியாவுக்குச் செய்ததுதான். புதுமைப்பித்தனுக்கு மட்டும் அந்தப் பேய்களின் வாடை தெரிந்திருந்தது. 'காஞ்சனை'யில் பேய் உண்டா இல்லையா என்ற கேள்வி கதைக்கு வெளியே நிற்கிறது. பயம் மட்டும் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்கிறது. அந்தக் கதவுக்கு அப்பால் நம் உரைநடை அதிக தூரம் போகவில்லை.

பரணியை மெட்டலில் பாட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. யாராவது பாடினால் இரண்டாவது வாரத்திலேயே அதற்குக் கலாசார மீட்பு என்று பெயர் வைத்துப் பொன்னாடை போர்த்திவிடுவோம். அதோடு அது செத்துப்போகும். வேண்டியது வேறு. பெருமைக்கும் பக்திக்கும் ஆதாரத்துக்கும் ஆட்படாமல் ஒரு பொய்யைக் கடைசிவரை சொல்கிற துணிவு. அது கிதாரில் வந்தால் என்ன, வசனத்தில் வந்தால் என்ன. இந்தப் பக்கங்களைப் படிக்கிற முந்நூறு பேரில் எழுதுகிறவர்கள்தான் அதிகம் என்பதால், கேள்வியை இங்கே வைத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றிற்று.